வாளியில் செடி, வாய்க்காலில் பை

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டு மாடிகளில் ஒரு சிறு பசுமை கண்ணில் படுகிறது. வண்ணப்பூச்சு வந்த வாளியில் கத்தரி, சமையல் எண்ணெய் வந்த கேனில் கறிவேப்பிலை, பாதியாக வெட்டிய குடிநீர்ப் புட்டியில் புதினா என்று, கடையில் தொட்டி வாங்காமல் வீட்டில் மிஞ்சிய நெகிழியைக் கொண்டே தோட்டம் போடுகிறார்கள். கரோனா பொதுமுடக்கக் காலத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய பலருக்கு இன்று அது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. காய்கறிச் செலவு சற்றுக் குறைகிறது. குப்பையும் சற்றுக் குறைகிறது என்ற மனநிறைவும் கிடைக்கிறது.

அதே ஊரின் குறுக்கே ஓடும் பாளையங்கால்வாயின் கரையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். மதகுகளில் அடைத்துக் கொண்டிருப்பவற்றில் வாளியும் கேனும் அரிது. மெல்லிய கைப்பைகள், ஷாம்பு உறைகள், தின்பண்டப் பொட்டலங்கள், பாக்கு உறைகள் ஆகியவையே அங்கு மிகுதி. மாடியில் செடி தாங்கி நிற்பது ஒரு வகை நெகிழி. கால்வாயில் மிதப்பது மற்றொரு வகை நெகிழி. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் 'வீட்டு நெகிழியைத் தோட்டத்தில் மறுபயன்பாடு செய்யுங்கள்' என்று அறிவுரை கூறுவது பாதி உண்மையை மட்டும் கூறுவதாகும்.

நெகிழி மாசுக்கு எதிரான உலக ஒப்பந்தம் ஒன்றை உருவாக்க 2024-ஆம் ஆண்டு இறுதியில் தென்கொரியாவின் பூசான் நகரிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிய நாடுகள் உடன்பாடு காணாமலேயே கலைந்தன. உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதா, கழிவை மட்டும் மேலாண்மை செய்வதா என்பதே முக்கியப் பிணக்கு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் உலகம் உருவாக்கிய நெகிழிக் கழிவு சுமார் 35 கோடி டன். அதில் உண்மையில் மறுசுழற்சியானது 9 சதவீதம் மட்டுமே. இந்தியாவில் 2020-21-இல் உருவான நெகிழிக் கழிவு ஏறத்தாழ 41 லட்சம் டன் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு.

நாடுகள் கூடிப் பேசியும் முடிவு எட்டாத ஒரு சிக்கலைக் குடும்பங்கள் தம் மாடியில் தீர்த்துவிட முடியாது. எனினும் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றும் கூற முடியாது. எங்கே குடும்பத்தின் சிக்கனம் பயன் தருகிறது, எங்கே அதன் எல்லை முடிந்து அரசின் கடமையும் உற்பத்தியாளரின் கடமையும் தொடங்குகின்றன என்பதைப் பிரித்தறிவதே இன்றைய தேவை.

பயன்படுத்திய பொருளில் செடி வளர்ப்பது நமக்குப் புதிதன்று. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் தாமிரவருணிக் கரை ஊர்களில் டால்டா டப்பாவில் துளசி வளராத முற்றம் குறைவு. ஓட்டை விழுந்த மண்குடம் பூச்செடிக்குத் தொட்டியாயிற்று. சிரட்டை விதை முளைக்கும் கிண்ணமாயிற்று. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. கொடியைப் பந்தலில் கட்ட வாழைநார் இருந்தது. உடைந்த பித்தளைக்கும் ஈயத்துக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துச் சென்ற வணிகரும் இருந்தார். எதுவும் வீணாகவில்லை என்பதைவிட, எதற்கும் ஒரு முடிவிடம் இருந்தது என்பதே அந்த வாழ்க்கையின் சிறப்பு. தகர டப்பா துருப்பிடித்து மண்ணானது; சிரட்டை அடுப்பில் எரிந்து சாம்பலாகிப் பாத்திரம் துலக்கியது. நெகிழிக்கு அப்படியொரு முடிவிடம் இல்லை.

பொருளியல் மாணவன் என்ற முறையில், எந்த மறுபயன்பாட்டையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்ப்பது எனது வழக்கம். முதலாவது, இப்பொருள் எதற்கு மாற்றாக அமைகிறது? இரண்டாவது, இப்பணியில் இது எத்தனை காலம் உழைக்கும்? மூன்றாவது, உழைத்து முடித்தபின் இது எங்கே போகும்? இம்மூன்றுக்கும் நிறைவான விடை கிடைத்தால் அது சிக்கனம். கிடைக்காவிட்டால், குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதை மாடியில் சேமித்து வைக்கிறோம் என்று பொருள்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இருபது லிட்டர் வாளி ஒன்றில் தக்காளி நடுகிறோம். அந்த வாளி இல்லாவிட்டால் புதிதாக ஒரு நெகிழித் தொட்டியையோ செடி வளர்ப்புப் பையையோ வாங்கியிருப்போம் என்றால், ஒரு புதிய நெகிழிப் பொருளின் தேவை உண்மையிலேயே குறைகிறது. பணமும் மிஞ்சுகிறது. ஆனால், வாங்கவே எண்ணாத ஓர் அலங்காரத்துக்காகப் புட்டிகளை வெட்டிச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டால் அங்கு எந்தச் செலவும் குறையவில்லை. குப்பை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இவ்விடத்தில் அரசுத் திட்டம் ஒன்றையும் சிந்திக்க வேண்டும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' மூலம் நகர்ப்புற மக்களுக்கு மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கியது. காய்கறி விதைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், உயிர் உரங்கள் ஆகியவற்றுடன் புதிய நெகிழிப் பைகளும் அத்தளையில் இடம்பெற்றன. திட்டம் நல்ல திட்டம். எனினும், ஒரு வீட்டில் நான்கு காலி வாளிகள் கிடக்க, அரசு மானியத்தில் புதிய நெகிழிப் பைகளை அவ்வீட்டுக்கு அனுப்புவது முரண். 'கொள்கலன் என்னிடம் உண்டு; விதையும் நார்க்கட்டியும் உரமும் மட்டும் போதும்' என்பவர்க்கு, பை இல்லாத தளையை இன்னும் குறைந்த விலையில் தரலாம். அரசுக்குச் செலவு குறையும். மறுபயன்பாடு செய்யும் குடும்பத்துக்கு அது ஊக்கமாகவும் அமையும்.

மாற்று என்பதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் இன்றும் மண்பாண்டத் தொழில் நடக்கிறது. நாம் நெகிழி வாளியைத் தேடி எடுத்துச் செடி நடுவது, வாங்கவிருந்த மண்தொட்டிக்கு மாற்றாக அமைந்தால், நெகிழி குறைவதில்லை. மண்ணை நம்பி வாழும் ஒருவரின் வருவாய்தான் குறைகிறது. உடைந்தாலும் மண்ணுக்கே திரும்பும் தொட்டியைக் கைவிட்டு, உடைந்தால் எங்கும் திரும்பாத தொட்டியைத் தேர்வது சூழலுக்கும் நன்மையன்று. ஆகவே, வீட்டில் ஏற்கெனவே வந்து சேர்ந்த நெகிழியைப் பயன்படுத்தலாம். தோட்டத்துக்கென்று நெகிழியைத் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி ஆயுள் பற்றியது. இதை எனக்குக் கற்பித்தவர் பழைய பொருள்கள் வாங்கத் தெருவுக்கு வரும் ஒரு வியாபாரி. மாடியில் இரண்டு கோடைக் காலம் செடி தாங்கிய வாளிகளையும் புட்டிகளையும் அவரிடம் எடைக்குப் போட முயன்றேன். வாளியின் விளிம்பை இரு விரலால் ஒடித்துக் காட்டிவிட்டு, 'ஐயா, இது வெயில்ல கிடந்து சத்து போயிட்டு. இதைக் கடையில எடுக்க மாட்டாவ' என்றார். அவர் கையில் உதிர்ந்த வெள்ளைத் தூள் என் மாடித் தரையிலும், தொட்டி மண்ணிலும் ஏற்கெனவே உதிர்ந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

அவர் 'சத்து' என்று கூறியதை வேதியியல் வேறு சொல்லால் கூறும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்கின்றன. வாளிகளில் பயன்படும் பாலிபுரோப்பிலீனும், பைகளில் பயன்படும் பாலிஎத்திலீனும் வெயிலைத் தாங்கும் சேர்மானம் இல்லாவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் நிறம் வெளிறி, விரிசல் விட்டு, நொறுங்கத் தொடங்குகின்றன. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான இத்துகள்களையே நுண்நெகிழி என்கிறோம். நெல்லையின் வெயில் இவ்வேலையை விரைந்து முடிக்கும் என்பதைச் சித்திரையில் மாடியில் கால் வைத்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு பொருளியல் இழப்பும் அடங்கியுள்ளது. சுத்தமான குடிநீர்ப் புட்டிக்குச் சந்தையில் விலை உண்டு. அது அரைக்கப்பட்டு, உருக்கப்பட்டு, பாலியஸ்டர் இழையாகவோ வேறு பொருளாகவோ மாறும் தொடர் ஒன்று இயங்கிக் கொண்டிருக்கிறது. அதை நம்பிக் குப்பை பொறுக்குவோர் முதல் சிறு ஆலைத் தொழிலாளர் வரை பலர் வாழ்கிறார்கள். அந்தப் புட்டியை எடுத்து வெயிலில் வைத்து, மண் படியச் செய்து, இரண்டு ஆண்டுகளில் விலையற்றதாக்கிவிட்டால் நாம் மறுசுழற்சித் தொடரிலிருந்து ஒரு பொருளைப் பறித்திருக்கிறோம். ஒன்றைத் தேர்வதால் இழக்கும் மற்றொன்றின் மதிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது பொருளியலின் முதல் பாடம். நல்ல விலைக்குப் போகும் நெகிழியைத் தோட்டத்தில் வீணடிப்பதும் ஊதாரித்தனமே.

அவ்வாறாயின் தோட்டத்தில் எதைத்தான் பயன்படுத்துவது? தடித்த வாளியும் எண்ணெய் கேனும் முதல் தகுதி பெறுகின்றன. அடியில் நான்கைந்து துளைகள் இட்டு, துளைகளின்மீது ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, மண்ணும் நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்து நிரப்பினால் தக்காளி, மிளகாய், வெண்டை நன்கு வரும். வாளியின் வெளிப்புறத்தைப் பழைய சாக்காலோ கிழிந்த பருத்தித் துணியாலோ சுற்றிவிட்டால் வெயில் நேரடியாகப் படாது. வாளியின் ஆயுள் கூடும், வேரும் வேகாது. கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் பக்கமாக வைப்பது அதனினும் நன்று.

பால் உறைகள் நாற்றங்காலுக்கு ஏற்றவை. கழுவி, அடி மூலைகளைச் சற்று வெட்டி, மண் நிரப்பினால் பப்பாளி, எலுமிச்சை, அகத்திக் கன்றுகளை ஒன்றிரண்டு மாதம் அதில் வளர்க்கலாம். நடும்போது உறையைக் கிழித்து எடுத்துக் கழுவிக் காயவைத்தால், அது மீண்டும் பழைய பால் உறைகளோடு எடைக்குச் சேரும். உறையோடு கன்றைக் குழியில் இறக்குவது, வேரை முடக்குவதோடு மண்ணையும் கெடுக்கும். கோடையில் நாலு நாள் வெளியூர்த் திருமணத்துக்குப் போக நேர்ந்தால், மூடியில் ஊசித்துளை இட்ட புட்டியில் நீர் நிரப்பித் தலைகீழாக மண்ணில் ஊன்றிவிட்டுப் போகலாம். முன்னோர் மண்பானையைப் புதைத்து நீர் கசியவிட்ட பாசன முறையின் எளிய வடிவம் இது. ஊர் திரும்பியதும் புட்டியை எடுத்து வைத்துவிட்டால் அதன் விலையும் கெடாது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பூச்சிமருந்து வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் உண்ணும் செடிக்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பழைய வாளியாயின் அதில் பூச்செடி நடலாம். கீரை நட வேண்டாம். தெர்மோகோல் பெட்டி உதிர்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய கைப்பைகளைக் கிழித்துச் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்புவது மிகப் பெரிய தவறு. ஒரே கோடையில் அவை துண்டு துண்டாகி மண்ணோடு கலந்துவிடும்; பின்னர் எவராலும் பிரித்தெடுக்க இயலாது. மூடாக்குக்கு வைக்கோலும் வாழைச் சருகும் இம்மாவட்டத்தில் கிடைக்காதவை அல்ல.

தோட்டத்துக் கொள்கலன்களைப் பற்றி நெல்லை மக்கள் மறக்கக் கூடாத நிகழ்வு ஒன்று உண்டு. 2012-இல் தமிழகத்தில் டெங்கு காய்ச்சல் பரவியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது அன்றைய திருநெல்வேலி மாவட்டம். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூர் பகுதி பட்ட துயரம் பலருக்கும் நினைவிருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை; தேங்கிய தெளிந்த நீரைத் தேடுகிறது. வெட்டிய புட்டியின் அடியில், தொட்டிக்குக் கீழ் வைத்த தட்டில், துளையிடாத கேனில் தேங்கும் ஒரு குவளை நீர் அதற்குப் போதும். முட்டை முழுக் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். எனவே வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் துடைக்காத தோட்டம், சிக்கனத் தோட்டம் ஆகாது. மருத்துவச் செலவுக்கு வழிவகுக்கும் தோட்டமாகிவிடும்.

மற்றொரு நினைவு 2023 டிசம்பருடையது. அம்மாதம் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரவருணி கரை புரண்டது. வெள்ளம் வடிந்தபின் கரையோர முட்செடிகளின் கிளைகளில் ஆளுயரத்துக்கும் மேல் நெகிழிப் பைகள் கொடிபோலச் சுற்றிக் கிடந்தன. வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்ட ஒவ்வொன்றையும் ஆறு ஒரே இரவில் எடுத்துச் சென்றது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி பிறக்கும்போதே, நொறுங்கிய கொள்கலன்களை அகற்றிவிடுவது நமது பள்ளத்தாக்கில் வாழ்வோரின் கட்டாயக் கடமை.

இது மூன்றாவது கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. உழைத்து முடித்த நெகிழி எங்கே போகும்? மக்காத குப்பையைப் புதன்கிழமைதோறும் தனியே பெறும் முறையைத் திருநெல்வேலி மாநகராட்சி கொண்டுவந்தபோது அது பரவலாகப் பாராட்டப்பட்டது. விலைபோகாத நெகிழியைச் சாலை அமைக்கவும் சிமென்ட் சூளைகளில் எரிபொருளாகவும் பயன்படுத்தும் வழிகள் உள்ளன. நெகிழியைத் தாரோடு கலந்து சாலை அமைக்கும் முறையை உருவாக்கிய மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நொறுங்கிய வாளியை எடைக்கு வாங்க ஆளில்லை என்றாலும், தனியாகப் பிரித்துக் கொடுத்தால் அதற்கும் ஒரு முடிவிடம் உண்டு.

ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? மாலை வேளைகளில் புறநகர்த் தெருக்களில் சருகோடு சேர்ந்து நெகிழியும் எரிகிற வாடையை நாம் நன்கு அறிவோம். வெட்டவெளியில் குப்பையை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ஆம் ஆண்டிலேயே தடை செய்தன. பிவிசி கலந்த பொருள்கள் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிப்படுகின்றன. மாநகராட்சியின் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் தீப்பற்றிய ஒவ்வொரு முறையும் சுற்றுவட்டார மக்கள் புகையில் தவித்ததைச் செய்தித்தாள்களில் படித்து வருந்துகிறோம். அதே புகையைச் சிறு அளவில் நம் கொல்லையிலேயே எழுப்புவதற்கு மட்டும் நாம் தயங்குவதில்லை.

இதுவரை கூறியவை குடும்பத்தின் கையில் உள்ளவை. இனி, குடும்பத்தின் கைக்கு எட்டாதவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் குடிநீர்ப் புட்டியின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 கிராம். நாற்பது, ஐம்பது புட்டிகளைச் சேர்த்தால் ஒரு கிலோ ஆகிவிடும்; அதற்கு விலையும் கிடைக்கும். ஆகையால் அதைக் குனிந்து எடுக்க ஓர் ஏழை முன்வருகிறார். ஷாம்பு உறையோ ஒரு கிராம்கூட இருப்பதில்லை. ஒரு கிலோ சேர ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகளைப் பொறுக்க வேண்டும்; பொறுக்கினாலும் வாங்க ஆளில்லை. நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அவ்வுறைகளைப் பிரிப்பது கடினம். சந்தையும் அதை ஏற்பதில்லை. தோட்டமும் அதை ஏற்பதில்லை. ஏற்பது ஆறு மட்டுமே.

தோட்டத்தில் எளிதில் பயன்படும் வாளியும் புட்டியும் ஏற்கெனவே சந்தை மதிப்பு உள்ளவை. அவை பெரும்பாலும் ஆற்றுக்குப் போவதில்லை. ஆற்றுக்குப் போகும் உறைகளையும் பைகளையும் எந்தத் தோட்டத்திலும் பயன்படுத்த இயலாது. நாம் நமது முயற்சியையெல்லாம் சிக்கல் குறைந்த இடத்தில் செலவிட்டு, சிக்கல் மிகுந்த இடத்தைக் கைவிடுகிறோம். மாடியில் பத்து வாளிச் செடிகளை வளர்த்துவிட்ட மனநிறைவில், கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களைச் சரம் சரமாக வாங்குவோமாயின் அந்தத் தோட்டம் நம் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. மறுசுழற்சி செய்ய இயலாத பல்லடுக்கு நெகிழியை இரண்டு ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்று நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் கூறின. அந்தக் கெடு முடியும் தறுவாயில், 2018-இல் அவ்விதி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய இயலாததாகவும், எரித்து ஆற்றல் பெற இயலாததாகவும், வேறு எப்பயனும் அற்றதாகவும் உள்ள பல்லடுக்கு நெகிழிக்கே தடை பொருந்தும் என்றாயிற்று. எரியாத நெகிழி ஏது? இத்திருத்தத்தால் தடையின் வலு பெரிதும் கரைந்துபோனது.

தமிழக அரசு 14 வகை ஒருமுறை பயன்பாட்டு நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. நாடு முழுவதற்குமான மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிற்று. இவற்றால் விழிப்புணர்வு வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பூக்கடையிலும் மீன் சந்தையிலும் மெல்லிய பை மறைந்துவிடவில்லை. சிறு வணிகர்க்கு அபராதம் விதிப்பதில் காட்டும் வேகம், அப்பைகள் உற்பத்தியாகும் இடத்தைத் தேடுவதில் காட்டப்பட வேண்டும்.

ஒருவர் செயலால் விளையும் கேடு அவர் செலுத்தும் விலையில் அடங்காவிட்டால், அச்செயல் அளவுக்கு மீறி நடக்கும் என்று ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆர்தர் செசில் பிகு 1920-இல் வெளியான நூலில் விளக்கினார். அக்கேட்டின் மதிப்பை வரியாக விதிக்கலாம் என்பது அவர் கூறிய தீர்வு. ஷாம்பு உறையின் விலையில் தாமிரவருணியைத் தூய்மை செய்யும் செலவு அடங்கவில்லை. அச்செலவை மாநகராட்சியும், தூய்மைப் பணியாளரின் உடல்நலமும், ஆற்று நீரைப் பருகும் மக்களும் ஏற்கிறார்கள். இலாபம் மட்டும் வேறெங்கோ சேர்கிறது.

2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் இந்நிலையை மாற்ற முனைகின்றன. சந்தைக்கு அனுப்பும் நெகிழியுறைக்கு ஈடாகக் கழிவைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. கடினமான கொள்கலன்களில் குறிப்பிட்ட பங்கை 2025-26 முதல் அந்நிறுவனங்களே மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. மறுபயன்பாடு என்பது இல்லத்தரசியின் கைத்திறன் மட்டுமன்று, நிறுவனத்தின் சட்டக் கடமையும்கூட என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எண்ணெய் கேனில் கறிவேப்பிலை வளர்க்கச் சொல்லும் அறிவுரை நமக்கு நாள்தோறும் வருகிறது. அந்த கேனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடை ஒன்றைக்கூட நம் தெருவில் காண முடிவதில்லை.

திரும்பப் பெறுவது இயலாத செயலன்று. நீலகிரி மாவட்டத்தில் 2022 மே மாதம் முதல் மதுப்புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திருப்பித் தரும் முறை சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின் விளைவாகத் தொடங்கப்பட்டது. வனப்பகுதியில் வீசப்பட்ட புட்டிகளை அது பெருமளவு குறைத்தது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மதுப்புட்டிக்கு இயல்வது எண்ணெய் கேனுக்கும் குளிர்பானப் புட்டிக்கும் ஏன் இயலாது? தாமிரவருணிக் கரையோர உள்ளாட்சிகளை ஒரு தொகுதியாகக் கொண்டு இம்முறையைச் சோதித்துப் பார்க்கலாம். சிறு உறைகளுக்கு முன்வைப்புத் தொகை பொருந்தாது. அவற்றைக் கிலோ கணக்கில் குறைந்தபட்ச விலைக்கு வாங்கும் பொறுப்பை உற்பத்தி நிறுவனங்கள்மீது சுமத்துவதே வழி. விலை கிடைத்தால் அந்த உறையையும் குனிந்து எடுக்க ஆள் வருவார்.

மாநகராட்சியும் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்யலாம். நொறுங்கிய தோட்டக் கொள்கலன்களைப் பெறுவதற்கென்று ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் ஐப்பசித் தொடக்கத்திலும், தனி நாள் அறிவிக்கலாம். நுண் உரக்கூடங்களில் தயாராகும் உரத்தை, பிரித்த நெகிழியைக் கொண்டு வருவோர்க்கு ஈடாகத் தரலாம். பழைய பேரீச்சம்பழ வணிகரின் உத்தியே இது. கொடுப்பது பழத்துக்குப் பதில் உரம் என்பதே வேறுபாடு. மாடித் தோட்டத்துக்கு மண்ணும் உரமும் தேடி அலைவோர்க்கு இது பெரும் உதவியாகும்.

பொதிகை மலையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலில் கடலோடு சேரும் தாமிரவருணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலை அடையும் ஆறு இது. காவிரிக்கும் பாலாற்றுக்கும் அண்டை மாநிலத்தைக் குறை கூற நமக்குக் காரணங்கள் இருக்கலாம். தாமிரவருணியில் மிதக்கும் பைக்கு நம் கையைத் தவிர வேறு ஊற்றுக்கண் தேட முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து மருத்துவக் கழிவுகளைக் கொணர்ந்து நம் மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டியபோது நாம் கொதித்தெழுந்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, அக்கழிவு திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. அந்தச் சீற்றம் நியாயமானது. அதில் ஒரு பகுதியையேனும் நாம் நம் கால்வாய்களுக்குச் செய்வதன்மீதும் திருப்ப வேண்டும்.

மாடியில் வாளிச் செடிகள் வளரட்டும். துளையிட்டு, சாக்குச் சுற்றி, வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, நொறுங்கும் முன் அகற்றிப் புதன்கிழமை வண்டியில் சேர்க்கும் சிக்கனம் போற்றத்தக்கது. அந்தச் சிக்கனம் கடைக்குப் போகும்போதும் நம்மோடு வர வேண்டும். ஒரு துணிப்பை, ஓர் எண்ணெய்த் தூக்கு, சிறு உறைகளுக்குப் பதில் ஒரு பெரிய புட்டி என்று வாங்கும் இடத்திலேயே குறைத்தால், மாடியில் வைக்க வாளி கிடைக்கவில்லையே என்ற கவலை ஒருநாள் வரலாம். அன்று காருகுறிச்சியில் ஒரு மண்தொட்டி வாங்கிக்கொள்வோம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).